பேத்திக்குப் பெரியகுளத்துல சீட்டு

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. பெரியகுளம் காலேஜுல தோட்டக்கலைக்கு எடம் கெடச்சிருச்சாமே. நாலு வருசம், எட்டு செமஸ்டர். நல்லது. நீயா ஆசப்பட்டு எடுத்த படிப்புன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. நானும் நம்பிட்டேன். கவுன்சிலிங்ல அதை எத்தனாவதாப் போட்டிருந்தேன்னு மட்டும் கேக்க மாட்டேன். பயாலஜி படிச்ச பிள்ளைக எல்லாத்துக்கும் ஒரே வரிசைதான். மொதல்ல நீட்டு. அது வழுக்குனா மாட்டு டாக்டரு. அதுவும் வழுக்குனா அக்ரி. அதுலயும் கட்-ஆப் இடிச்சா தோட்டக்கலை. சீட்டு கெடச்ச மறுநாளே, "சின்ன வயசுல இருந்தே எனக்குச் செடின்னா உசிரு"ன்னு ஆயிரும். ஆகட்டுமே. நம்ம ஊர்க் கல்யாணமும் அப்படித்தான் நடக்குது, அதுக்காகக் குடும்பம் நடத்தாமயா இருக்காய்ங்க?

சொந்தக்காரய்ங்க வருவாய்ங்க. "பூச்செடிக்குத் தண்ணி ஊத்தவா நாலு வருசம் படிக்கணும்?"னு உங்க பெரிய மாமன் கட்டாயம் கேப்பான். நீ ஒண்ணும் சொல்லாத. காப்பியைக் குடுத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே உள்ள போயிரு. அவன் தென்னந்தோப்புல சுருள் வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கருப்பாப் பூசணம் அடிக்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு "கண்ணு, படிச்ச பிள்ளை நீ"ன்னு போன் வரும். மூணாவது தடவை அடிக்கும்போது எடு. மொத தடவையே எடுத்தா மருவாதி இருக்காது.

உங்க படிப்புக்குப் பெரிய பூர்வீகம் உண்டு. வெள்ளைக்காரன் 1868ல மெட்ராஸ் சைதாப்பேட்டையில விவசாயப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சான். 1906ல அதைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போனான். 1971ல அது பல்கலைக்கழகம் ஆச்சு. 1868க்கு முன்னாடி நம்ம முப்பாட்டன்மாரெல்லாம் என்னத்தத் தின்னு உசிரோட இருந்தாய்ங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

மூஞ்சியத் தூக்காத. உங்க காலேஜு சும்மா இருந்த காலேஜு இல்ல. இந்தப் பக்கம் முன்ன மர முருங்கைதான். போத்து வெட்டி நட்டுக் காத்துக் கெடக்கணும். பெரியகுளத்துல பி.கே.எம். 1-ன்னு செடி முருங்கை கண்டுபிடிச்சாக. வெதை ஊனுனா ஆறாம் மாசத்துல காய். ஊரே போட்டுச்சு. ஒண்ணாப் போட்டு, ஒண்ணாக் காய்ச்சு, ஒண்ணா ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டு போனோம். ஒண்ணா வெலை விழுந்துச்சு. ஒண்ணா அழுதோம். மார்கழியில முருங்கைக்காயைத் தங்கமாட்டம் எடை போட்ட யாவாரி, சித்திரையில ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டான். வெதையைக் காலேஜு குடுத்துச்சு, வெலையைச் சந்தை வெச்சுக்கிருச்சு. சந்தையப் பத்தி ஒரு பாடம் இருக்குமாம்ல, எல்லாரும் தூங்குற மத்தியான வகுப்புல நடத்துவாகளாம். அதுல மட்டும் நீ முழிச்சிரு.

அப்புறம் நாலாம் வருசம் உங்களைக் கிராமத்துக்கு அனுப்புவாக. பணி அனுபவப் பயிற்சியாம். யாருக்கு அனுபவம்னு கேக்காத. வருசா வருசம் நம்மூருக்கும் ஒரு கூட்டம் வரும். எந்தக் காலேஜுன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒரே கலர் பனியன், ஒரே தொப்பி. வந்த அன்னைக்கே மந்தையில கோலப்பொடியால ஊர் வரைபடம் போடுவாக. கோயிலுக்குச் செவப்பு, கம்மாய்க்கு நீலம், தோப்புக்குப் பச்சை. நல்லாத்தான் இருக்கும். ஒருதரம் நம்ம வீட்டைக் கம்மாய்க்குள்ள போட்டுட்டாக. நான் ஒண்ணும் சொல்லல, ஆக்கிரமிப்புன்னு நோட்டீசு வரலேன்னாச் சரின்னு இருந்துட்டேன். கீழத்தெரு ஆளுக "எங்க தெருவை ஏன் சின்னதாப் போட்டீக?"ன்னு சண்டைக்கு வந்துட்டாய்ங்க. அந்தப் பொடியை ஆடு வந்து மிதிச்ச பொறவுதான் ஊர் அடங்குச்சு.

கேள்வித்தாள் ஒண்ணு கொண்டு வருவாக. "அய்யா, உங்க வருசாந்திர வருமானம் எம்புட்டு?" நீயும் இதைக் கேப்பே, அதனால இப்பவே சொல்லி வெக்கிறேன். எந்தச் சம்சாரியும் உண்மை சொல்ல மாட்டான். மானியம் குடுக்க வந்தவுகன்னு நெனச்சா கொறச்சுச் சொல்லுவான். மாப்பிள்ளை பாக்க வந்தவுகன்னு நெனச்சா கூட்டிச் சொல்லுவான். அதே ஆள்கிட்ட ரெண்டு விதமாவும் போய்க் கேட்டு, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்க. அப்பவும் தப்பாத்தான் இருக்கும், ஆனா ரிப்போர்ட்டு நல்லா வரும்.

போட்டோதான் முக்கியம். மேலத்தெருக் கிழவி ஒருத்தி மல்லிகைக்குப் பதியம் போட்டுக்கிட்டு இருந்தா. ஆயுசு பூரா போட்ட பதியம். பிள்ளைக நாலு பேரு சுத்தி நின்னு, "எப்படிப் பாட்டி? கொடியை எங்க கீறுறது? எம்புட்டு மண்ணு போடணும்?"னு கேட்டு எழுதிக்கிட்டாக. கடைசியில கிழவி கையில கொடி, பிள்ளைக விரலு கொடியைக் காட்ட, பின்னாடி பேனரு, ஒரு போட்டோ. மறுநாள் பேப்பர்ல, "பதியம் போடும் முறை: விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்விளக்கம்." டீக்கடையில படிச்சுச் சொன்னப்போ கிழவி கேட்டா: "அப்ப நான் பாஸா?"

ஆனா எல்லாரும் அப்படி இல்ல. போன தடவை வந்த கூட்டத்துல ஒரு பய இருந்தான், ஒல்லியா, பேச்சே வராது. போட்டோவுக்கு நிக்கல. பக்கத்துத் தோட்டத்துக்குள்ள போயி மரம் மரமா அடியில குனிஞ்சு பாத்துக்கிட்டே போனான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் இமாம்பசந்த் வெச்ச எடத்துல சில மரம் புளிப்பு நாட்டு மாங்காயாக் காய்ச்சுத் தள்ளுது. நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்னு அவன் ஊர் ஊராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இந்தப் பய எந்திரிச்சு வந்து மெதுவாச் சொன்னான்: "ஏமாத்தல தாத்தா. ஒட்டுக்குக் கீழ துளுத்ததைக் கிள்ளாம விட்டிருக்காக. அடிக்கன்னு மேல வந்து ஒட்டைச் சாகடிச்சிருச்சு." அம்புட்டுத்தான் பேசுனான். எனக்கு அந்தப் பயலைக் கட்டி வெச்சுக்கலாம் போல இருந்துச்சு. பயப்படாத, உனக்குப் பாக்கல.

அதனால ஒட்டுக் கட்ட மட்டும் ஒழுங்காக் கத்துக்க. பரிச்சைக்கு இல்ல, கைக்கு. தாய் மரத்துல பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சியைப் பாத்து வெச்சு, ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடியே எலையை வெட்டி விட்ரணும், காம்பு மட்டும் இருக்கட்டும். அந்தக் காம்பு தொட்ட ஒடனே உதுந்துச்சுன்னா, மொட்டுப் புடைச்சு நின்னா, குச்சி தயாரு. அடிக்கன்னுத் தண்டை நறுக்கி நடுவுல பொளந்துக்க. குச்சியை ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவு. ஒரே இழுப்புல சீவணும், ரெண்டாம் தடவை பிளேடு போட்டா மேடு பள்ளம் ஆயிரும். பட்டைக்கு அடியில ஈரமா மெல்லிசா ஒரு பச்சை ஏடு இருக்கும் பாரு, இதுலயும் அதுலயும் அது ஒண்ணோட ஒண்ணு தொடணும். குச்சி மெல்லிசா இருந்தா நடுவுல வெக்காத, ஒரு ஓரமாச் சேத்து வெச்சு அந்த ஒரு பக்கமாவது தொட வை. பிளாஸ்டிக் நாடாவைக் காத்து போகாமச் சுத்திக் கட்டு. மேல குச்சி ஐஸ் கவரை மாட்டி விடு. அப்புறம் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. தெனமும் கவரைத் தூக்கித் தூக்கிப் பாத்தீன்னா அது உன் மூஞ்சியப் பாத்தே செத்துரும்.

சும்மா இருக்கிறது லேசுப்பட்ட காரியம்னு நெனைக்காத. 2008ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில மாவுப்பூச்சி வந்துச்சு. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பப்பாளியில இருந்து மரவள்ளிக்குப் போச்சு, மல்பெரிக்குப் போச்சு, வாசல்ல நிக்கிற செம்பருத்தியக்கூட விடல. எலை வெள்ளையா அப்பிப்போயி, ஒழுகுற தேன்ல எறும்பு ஊறும். ஆளாளுக்கு மருந்தடிச்சாய்ங்க. பூச்சி மேல மெழுகு இருக்கு, மருந்து உள்ள எறங்கல. அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிதான் செத்துச்சு. எந்தப் பூச்சி செத்தா என்ன, உரக்கடைக்காரரு வீட்டுக்கு மாடி எடுத்துட்டாரு.

2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு குளவியைக் கொண்டாந்தாக. அசிரோஃபேகஸ் பப்பாயேன்னு பேராம். பேருதான் அம்புட்டு நீளம், ஆளு ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. நம்மளைக் கொட்டத் தெரியாது. மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெக்கும். புழு உள்ளுக்குள்ளயே தின்னு, ஓட்டை போட்டு வெளிய வரும். பெங்களூர்ல வளத்துப் பெருக்கி, பல்கலைக்கழகத்துக்காரவுக மூலமா சம்சாரிகளுக்கு வந்துச்சு. ஒரே ஒரு நிபந்தனை: குளவி விட்ட தோட்டத்துல மருந்தடிக்கக் கூடாது. அங்கதான் நம்ம ஆளுக்குக் கை நமநமங்கும். ஒண்ணும் செய்யாம எப்படி இருக்கிறது? பக்கத்துக்காரன் பவர் ஸ்பிரேயரைத் தூக்குறான், நான் கையக் கட்டிக்கிட்டு நின்னா ஊர் என்ன நெனைக்கும்? இருந்தவன் தோட்டம் தப்பிச்சுச்சு. கொஞ்ச மாசத்துல பூச்சி அடங்கிப்போச்சு. பத்து வருசங்கழிச்சு மரவள்ளிக்கு வேற ஒரு மாவுப்பூச்சி வந்தப்பவும் இதே வைத்தியம்தான், அந்தக் குளவி ஆப்பிரிக்காவுல பெனின்ல இருந்து வந்துச்சு.

இதுல உனக்கு ஒரு தொழில் ரகசியம் இருக்கு. மருந்தடிக்கச் சொல்றவனுக்குக் கமிசன் உண்டு. அடிக்காதன்னு சொல்றவனுக்கு டீகூடக் கெடைக்காது. கம்பெனி வேலைக்குப் போனீன்னா பைக்கு தருவாக, டார்கெட்டும் தருவாக. டார்கெட்டு முடியாத மாசத்துல எல்லா எலையிலயும் உனக்கு நோய் தெரியும். அப்ப என்கிட்ட வராத, நான் தோப்பு வாசலைப் பூட்டிக்குவேன்.

படிப்புல சுற்றுச்சூழலும் உண்டாமே. வாழ்த்து. உண்ணிச்செடி தெரியுமுல்ல, சிறுமலை ஏறுற வழியெல்லாம் மஞ்சளும் ரோஸுமாப் பூத்து நிக்குமே. அது காட்டுச்செடி இல்ல தாயி, தோட்டக்காரய்ங்க பூவுக்கு ஆசப்பட்டு அமெரிக்காப் பக்கத்துல இருந்து கொண்டாந்தது. இருநூறு வருசத்துக்கு முன்னாடி கல்கத்தாத் தோட்டத்துல அழகுக்கு வெச்சாய்ங்க. இன்னைக்கு ஆனைக்கும் மானுக்கும் புல்லு மொளைக்க விடாமக் காடு பூரா அதுதான். கொடைக்கானல் மேல சீகை மரமும் அப்படித்தான், தோல் பதப்படுத்தப் பட்டை வேணும்னு வெச்சது. இப்ப மலைப் புல்வெளியைத் தின்னுக்கிட்டு நிக்குது. எல்லாம் படிச்ச ஆளுக நல்ல எண்ணத்துல செஞ்சது. நல்ல எண்ணத்தோட எவனாவது புதுச்செடி கொண்டாந்தா, "இது எங்க போயி நிக்கும்?"னு ஒரு கேள்வி மட்டும் கேளு. உன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டாக, பரவால்ல. கூடலூர்ப் பக்கம் மலைச்சாதி சனங்க அந்த உண்ணிக் குச்சியிலயே நெசமான ஆனை அளவுக்கு ஆனை செஞ்சாக, அது 2021ல லண்டன் வரைக்கும் போச்சு. செடியைக் கொண்டாந்த சீமைக்காரய்ங்களுக்கே திருப்பி அனுப்புனதுல எனக்கு ஒரு திருப்தி.

மரம் நடுவிழா கேக்கவே வேணாம். ஜூன் 5 வந்தா வெள்ளைச் சட்டைக்காரவுக வருவாக. போன வருசம் நட்ட அதே குழி, தோண்டுற கூலி மிச்சம். கன்னு ஒண்ணு, அதைப் பிடிக்கிற கை பன்னெண்டு. மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாக, வெச்சவருதான் கார் ஏறிப் போயிட்டாரே. நீ அந்த விழாவுக்குப் போனா முன்வரிசையில நிக்காத. எல்லாரும் போன பொறவு ஒரு குடம் தண்ணியும் ரெண்டு முள்ளுக் கொப்பும் எடுத்துட்டுப் போ. ஆட்டுக்கு விழாவும் தெரியாது, அமைச்சரும் தெரியாது.

வேலை கெடைக்குமான்னு உங்கப்பன் கவலைப்படுறான். கெடைக்காம என்ன? அரசாங்கப் பரிச்சை எழுதித் தோட்டக்கலை அலுவலராகலாம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மத்தவனுக்கு 75. இந்தக் கணக்கு வந்ததுல இருந்து நம்மூர்ல பெரிய விவசாயியே இல்லாமப் போயிட்டான். பாகம் பிரிக்க மாட்டேன்னு முப்பது வருசமா அண்ணன் தம்பியோட கோர்ட்டுக்கு நடந்தவன்கூட ஒரே வாரத்துல நாலாப் பிரிச்சுட்டான். நீ ஆய்வுக்குப் போனா தோட்டத்துல மட்டும் கொழாயைத் தேடாத, கொல்லைப்பக்கம் துணி காயுற கொடியையும் ஒரு பார்வை பாரு.

இல்லேன்னா பேங்கு. விவசாய அதிகாரின்னு தனியா எடுக்குறாக, தோட்டக்கலை படிச்சவுகளும் எழுதலாம். நாலு வருசம் எலையையும் வேரையும் படிச்சுட்டுப் போயி, நகையை உரசிப் பாத்து விவசாயக் கடன் குடுக்கலாம். ஓசூர்ப் பக்கம் போனா பசுமைக்குடில்ல ரோசா, பிப்ரவரி 14க்குப் பெட்டி பெட்டியா வெளிநாடு போகும். உங்க பாட்டிக்கு நான் ஒரு முழம் கதம்பம் வாங்கிக் குடுத்ததையே ஊர் ஒரு மாசம் பேசுச்சு. சென்னையில கம்பெனிக்காரய்ங்க கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னாடி புல்லு வளக்க ஆள் தேடுறாய்ங்களாம். மாடு மேயக் கூடாத புல்லு. அதுக்குத்தான் சம்பளம் ஜாஸ்தின்னு கேள்வி. சொந்தமா நர்சரி போட்டாலும் தப்பில்ல. ஒட்டுக் கட்டத் தெரிஞ்சா சோறு உண்டு, தெரியாட்டியும் உண்டு, ஆனா அதுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் ஊர் மாத்தணும்.

எது செஞ்சாலும் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள செடிகிட்டப் போயிரு. போன ஒடனே போனை எடுத்துப் படம் பிடிச்சு எவனுக்கும் அனுப்பாத. மொதல்ல எலைக்கு அடியில பாரு, பூச்சிக்குக் குடித்தனம் அங்கதான். பழுக்குறது பழைய எலையா புது எலையான்னு பாரு. பழசு பழுத்தா ஒரு சத்து, கொழுந்து வெளுத்தா வேற சத்து, அதை உங்க வாத்தியாரு சொல்லிக் குடுப்பாக. நான் சொல்ல வர்றது, வாத்தியாரு சொன்னது எல்லாம் ஞாபகம் வந்த பொறவும் கொஞ்ச நேரம் வாயத் தொறக்காத. தோட்டக்காரன் தானாப் பேசுவான். "போன வாரம் ரெண்டு மூட்டை யூரியா கூடுதலாப் போட்டேன், அதுனாலயா இருக்குமோ?"ன்னு அவனே சொல்லுவான். நீ தலையை மட்டும் ஆட்டு. பெரிய கெட்டிக்காரப் பிள்ளைன்னு பேரு வாங்கிருவே.

நாளைக்குக் காலையில வத்தலக்குண்டு பஸ்சு. போறப்போ அந்தத் தூணோரம் இருக்கிற துணிப்பையைத் தூக்கிக்க. கனமா இருக்கும். நம்ம மாந்தோப்பு மண்ணு. ஒரு அடியில ஒண்ணு, ரெண்டடியில ஒண்ணு, மூணடியில ஒண்ணு, மூணு பொட்டணம். நெழல்ல காயப்போட்டு, கல்லு வேரெல்லாம் பொறுக்கி, நாலாப் பகுத்து எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டாந்திருக்கேன். எங்க படிச்சேனா? பனியன் போட்ட பிள்ளைக சொன்னதுதான், நானும் ஓரமா நின்னு கேட்டேன்ல. கொண்டு போயி மண் பரிசோதனையில குடு. பீசு கேட்டா, "எங்க தாத்தா ஏழைச் சம்சாரி, நான் மொத வருசம்"னு மூஞ்சியக் கொஞ்சம் தொங்கப் போடு.

அடியில இன்னொரு மூணு பொட்டணம் இருக்கும், அது பக்கத்துத் தோட்டத்துக்காரனது. அதையும் நம்ம பேர்லயே குடுத்துரு. அவன்கிட்ட பரிசோதனைப் பீசு, பஸ் சார்ஜு, உன் கைச்செலவு எல்லாம் சேத்து நான் நேத்தே வாங்கிட்டேன். உனக்குப் பாதி தர்றேன், உங்கம்மாகிட்டச் சொல்லாத.